உள்ளறையின் கதவு
பல் மருத்துவத்தின் கதை: பகுதி 21

பெண்கள் பல் மருத்துவத்துக்குள் வந்த வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கதவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கதவு சாத்திக் கிடந்தது, சிலர் தட்டினார்கள், நெடுங்காலம் கழித்துத் திறந்தது, இன்று கூட்டம் கூட்டமாக உள்ளே போகிறார்கள் என்று அந்தக் கதை முடிந்துவிடும். பிரிட்டனைப் பொறுத்தவரை அது பொய்யான கதையும் அல்ல. 1895இல் முதன்முதலாக ஒரு பெண் தகுதித் தேர்வில் தேறிய நாடு அது. 2020ஐ ஒட்டி அங்கே பதிவு பெற்ற பல் மருத்துவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். கல்லூரி வகுப்புகளிலோ அவர்களே பெரும்பான்மை. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு இன்னொரு கட்டம் இருக்கிறது. பல் சீரமைப்பு, குழந்தைப் பல் மருத்துவம், ஈறு நோய், வேர் சிகிச்சை, செயற்கைப் பல், வாய்-தாடை அறுவை என்று ஒரு துறையில் மட்டும் மூழ்கி, மேலும் பல ஆண்டுகள் பயின்று நிபுணராகும் கட்டம் அது. பேராசிரியர்களும் தேர்வாளர்களும் பாடத்திட்டம் வகுப்பவர்களும் பெரிய மருத்துவமனைகளின் துறைத் தலைவர்களும் அங்கிருந்துதான் வருகிறார்கள். அந்த உள்ளறைக்கு வேறு கதவு, வேறு தாழ்ப்பாள். வெளிக்கதவு திறந்தால் உள்கதவும் காலப்போக்கில் தானாகத் திறந்துகொள்ளும் என்று நூறாண்டாகச் சொல்லி வருகிறார்கள். காலம் மட்டும் அந்தக் கதவை எங்காவது திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தப் பகுதியின் வேலை. திறக்கவில்லை என்பதே நான் சான்றுகளிலிருந்து எட்டும் முடிவு. பயிற்சியின் அமைப்பு மாறிய துறைகளில் பெண்கள் வந்தார்கள். அமைப்பு மாறாத துறைகளில், கல்லூரி முழுக்கப் பெண்கள் நிறைந்த பிறகும், அவர்கள் வாசலோடு நின்றார்கள்.

முதலில் வெளிக்கதவு. 1871இல் லண்டனில் பிறந்த லிலியன் மரே, மணமான பின் லிலியன் லிண்ட்சே என்ற பெயரால் வரலாற்றில் நிற்பவர். அவர் படித்த பள்ளியின் தலைமையாசிரியை பிரான்சிஸ் பஸ், பெண் கல்விக்காக வாழ்நாள் முழுவதும் போராடியவர். அவரே லிலியனுக்கு வகுத்துக் கொடுத்த வழி, காது கேளாதோருக்கு ஆசிரியையாவது. லிலியன் மறுத்தார். வேறு எதையும் செய்யவிடாமல் தடுத்துவிடுவேன் என்று தலைமையாசிரியை கடிந்துகொண்டபோது, பல் மருத்துவராவதை உங்களால் தடுக்க முடியாது என்று பதில் சொன்னதாக அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. பெண்கள் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர்கள்கூட, எதைப் படிக்க வேண்டும் என்பதில் ஒரு கோட்டைப் போட்டு வைத்திருந்தார்கள் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கோடு பின்னால் மறுபடியும் வரும். தனியார் மருத்துவர் ஒருவரிடம் பயிற்சி பெற்ற பின் 1892இல் லண்டனின் தேசியப் பல் மருத்துவமனையில் சேர அவர் விண்ணப்பித்தார். அங்கிருந்த முதல்வர் அவரைக் கட்டடத்துக்குள்ளேயே அழைக்கவில்லை. ஒரு பெண் உள்ளே வந்தால் மாணவர்களின் கவனம் சிதறும் என்று, கிரேட் போர்ட்லண்ட் தெருவின் நடைபாதையில் நிறுத்தி வைத்தே நேர்காணலை முடித்து அனுப்பினார். எடின்பரோவின் பல் மருத்துவப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கும், ஓர் ஏழை ஆண்மகனின் பிழைப்பைப் பறிக்கிறாய் என்று சொன்ன பெரிய மனிதர் இருந்தார். லிலியன் பதக்கங்களோடு படித்து 1895இல் தேறினார். கடன் வாங்கிப் படித்த படிப்பு; அதை அடைக்க வடக்கு லண்டனில் தனியாகத் தொழில் செய்தார். காதலித்தவரை மணக்கப் பத்தாண்டு காத்திருந்து, 1905இல்தான் திருமணம். லண்டனில் இருந்த அறுவை மருத்துவர் ராயல் கல்லூரி தன் தேர்வுகளைப் பெண்களுக்குத் திறக்க, அடுத்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டும் கழிய வேண்டியிருந்தது.

இதே லிண்ட்சே பிற்காலத்தில் பல் சீரமைப்பு ஆய்வுக்கான பிரிட்டிஷ் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1946இல் பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கத்துக்கே முதல் பெண் தலைவர். அந்தச் சங்கத்தின் நூலகத்தை உருவாக்கியவரும் அவரே. பல் மருத்துவத்தின் மூல நூலான பியர் போஷாரின் பிரெஞ்சு நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. இதைக் காட்டி, முதல் பெண்ணே இவ்வளவு உயரம் தொட்டாரே, உள்ளறை மூடிக் கிடந்தது என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் ஏறிய படிகள் எவை என்று பார்த்தால் விடை கிடைக்கும். சங்கம், நூலகம், மொழிபெயர்ப்பு, வரலாற்று ஆய்வு ஆகிய எதற்கும் மருத்துவமனையில் ஒரு மூத்த மருத்துவரின் கையெழுத்து தேவைப்படவில்லை. அவருடைய காலத்தில் சிறப்புத் துறைகள் இன்னும் முறையான பயிற்சிப் பாதைகளாக இறுகவில்லை. ஆர்வமுள்ளவர் ஒரு துறையை எடுத்துக்கொண்டு அதில் புலமை பெற்றால், நிபுணர் என்று மதிக்கப்படுவார். காவலாளி இல்லாத இடத்தில் திறமை தன் வழியைத் தானே போட்டுக்கொண்டது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்ணான லூசி ஹாப்ஸ், கல்லூரி இடம் மறுத்தபோதும் ஒரு பேராசிரியரிடம் தனியாகக் கற்று, அயோவாவில் தொழில் செய்து பெயர் எடுத்தார். 1865இல் அம்மாநிலப் பல் மருத்துவச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. சக மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஒஹையோ பல் மருத்துவக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டு 1866இல் பட்டம் கொடுத்தது. ஜெர்மனியில் படிக்க இடமில்லாததால் பிலடெல்பியா வந்து 1869இல் பட்டம் பெற்ற ஹென்ரியெட்டே ஹிர்ஷ்ஃபெல்ட், பெர்லின் திரும்பிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிகிச்சை செய்தார். பெண் மருத்துவருக்குச் சமூகம் ஒதுக்கிய இடம் அது. அந்த ஒதுக்கப்பட்ட இடத்தையே ஒரு துறையாக்கிக் காட்டியவர் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த எவாஞ்சலின் ஜோர்டன். ஆசிரியையாக இருந்து பல் மருத்துவரான அவர், 1909இல் தன் தொழிலைக் குழந்தைகளுக்கு மட்டும் என்று வரையறுத்துக்கொண்டார். பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது, அதை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று மருத்துவர்களே நினைத்த காலம். 1925இல் அவர் எழுதிய குழந்தைப் பல் சிகிச்சை நூல், அத்துறையின் முதல் பாடநூல்களில் முன்னிற்பது. 1921இல் அமெரிக்கப் பெண் பல் மருத்துவர்கள் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கியபோது முதல் தலைவரும் அவரே. அமெரிக்கப் பல் மருத்துவர்களில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிறுபான்மையாக இருந்தபோது, ஒரு சிறப்புத் துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர் பெண். ஆகவே எண்ணிக்கை கூடினால்தான் உள்ளறைக்குள் போக முடியும் என்பதும் சரியில்லை. எண்ணிக்கை கூடினால் போய்விடலாம் என்பதும் சரியில்லை. உள்ளே போவதை முடிவு செய்தது வேறொன்று.

அந்த வேறொன்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. 1900இல் செயின்ட் லூயிஸ் நகரில் எட்வர்ட் ஆங்கிள் பல் சீரமைப்புக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். சில வாரங்களோ மாதங்களோ நீடித்த படிப்பு. யாரைச் சேர்ப்பது என்பதை ஆங்கிளே முடிவு செய்தார். அந்தப் பள்ளியின் நிர்வாகச் சுமையைப் பெருமளவு தாங்கியவர் அன்னா ஹாப்கின்ஸ். அவரும் பல் மருத்துவம் படித்தவரே. பின்னர் ஆங்கிளை மணந்தார். ஒரு துறையின் பிறப்போடு உடனிருந்தும் அவர் பெயர் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் வருகிறது. குருகுலம் போன்ற அந்தக் கட்டத்துக்குப் பிறகு தேர்வு வாரியங்களும் சான்றிதழ்களும் வந்தன. 1947இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் சிறப்புத் துறைகளை முறைப்படி அங்கீகரித்தது. அதே ஆண்டு லண்டனில் அறுவை மருத்துவர் ராயல் கல்லூரியில் பல் அறுவைப் பிரிவு தனியாக உருவாயிற்று. அடுத்த ஆண்டு பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை வந்தது. நோயாளிகளுக்கு இவை பெரும் நன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. அரைகுறையாகக் கற்றவர் தன்னை நிபுணர் என்று அழைத்துக்கொள்வது நின்றது. ஆனால் நிபுணராகும் வழி ஒரே ஓர் ஏணியாகச் சுருங்கியது. மருத்துவமனையில் இளநிலைப் பணி, பிறகு ரெஜிஸ்ட்ரார், பிறகு மூத்த ரெஜிஸ்ட்ரார், கடைசியில் கன்சல்டன்ட் எனப்படும் நிலையான மூத்த மருத்துவர். ஒவ்வொரு படிக்கும் வேறு ஊர், வேறு மருத்துவமனை. எத்தனை ஆண்டில் முடியும் என்ற வரையறை கிடையாது. கன்சல்டன்ட் இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த படிக்குப் போவதற்கு மேலே இருப்பவரின் பரிந்துரைதான் உயிர்நாடி. இருபத்தைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வரை, எங்கு அனுப்பினாலும் போகக்கூடிய, வீட்டைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருக்கிற ஒருவரை மனத்தில் வைத்தே அந்த ஏணி செய்யப்பட்டது. பெண்கள் கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அந்த ஏணியில் ஏறாத பெண்கள் எங்கே போனார்கள்? பெரும் பகுதியினர் பள்ளிப் பல் மருத்துவச் சேவைக்குப் போனார்கள். மாதச் சம்பளம், வரையறுத்த வேலை நேரம், பள்ளி விடுமுறையோடு ஒத்துப்போகும் பணி. இதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்து மூத்தவர்கள், பெண்கள் குழந்தைகளோடு வேலை செய்ய விரும்புகிறார்கள், அது அவர்களின் இயல்பு என்றார்கள். அந்தச் சேவையில் அவர்கள் செய்த பணி எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல. பிரிட்டனின் ஏழைக் குழந்தைகள் பல தலைமுறைக்கு அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கும்போது அதன் வழியே போனவரைப் பார்த்து, இதுதான் அவர் விருப்பம் என்று சொல்வது சான்று ஆகாது. அதே நாடு 1960இல் லண்டனின் நியூ கிராஸில் பல் மருத்துவத் துணைப் பணியாளர்களுக்கு ஒரு பள்ளியைத் திறந்தது. அவர்கள் குழந்தைகளின் பல்லை அடைப்பார்கள், பால் பல்லைப் பிடுங்குவார்கள், எல்லாம் ஒரு பல் மருத்துவரின் மேற்பார்வையில். அந்தப் பள்ளி பெண்களுக்கு மட்டுமே என்று வைத்தார்கள். பல் பிடுங்க உடல் வலிமை வேண்டும், பெண்ணால் ஆகாது என்று லிண்ட்சேயின் காலத்திலிருந்து சொல்லிவந்த வாதம், குறைந்த சம்பளமும் மேற்பார்வையும் உள்ள பணி என்றதும் காணாமல் போனது. மேலே ஏறும் பாதையில் மட்டும் நினைவுக்கு வரும் குறையை உடற்கூறின் குறை என்று ஏற்பதற்கில்லை.

1970களில் சட்டம் மாறியது. அமெரிக்காவில் 1971இல், கூட்டரசின் நிதி பெறும் மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகள் சேர்க்கையில் பால் பாகுபாடு காட்டக்கூடாது என்று விதி வந்தது; அடுத்த ஆண்டு கல்வி முழுவதற்குமான ஒன்பதாம் பிரிவுச் சட்டம். பிரிட்டனில் 1975இல் பால் பாகுபாட்டுத் தடைச் சட்டம். விளைவு வியக்கத்தக்கது. 1970இல் அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டில் சேர்ந்தவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர். 2000ஐ ஒட்டி நாற்பது. 2018 வாக்கில் பாதியைத் தாண்டினார்கள். அறுபதுகளின் பெண்களுக்கும் எண்பதுகளின் பெண்களுக்கும் அறிவிலோ கைத்திறனிலோ எந்த மாற்றமும் நிகழ்ந்திருக்க முடியாது. மாறியது சேர்க்கை விதி. நூறாண்டு காத்திருந்து கிடைக்காத ஒன்று, விதி மாறியதும் முப்பதே ஆண்டில் கிடைத்தது. வெளிக்கதவின் வரலாறே காலம் என்ற வாதத்தைப் பாதி மறுத்துவிடுகிறது.

மீதிப் பாதியை உள்ளறையின் வரலாறு மறுக்கிறது. கல்லூரியில் பெண்கள் நிறைந்த பிறகு, பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளியில் எல்லாச் சிறப்புத் துறைகளிலும் ஒரே விதமாக அவர்கள் பங்கு உயர்ந்திருந்தால், காலம்தான் வேலை செய்தது என்று ஒப்புக்கொள்ளலாம். நடந்தது அப்படியில்லை. 2010களின் அமெரிக்காவில் குழந்தைப் பல் மருத்துவப் பயிற்சியில் பெண்கள் அறுபது விழுக்காட்டுக்கும் மேல். பல் சீரமைப்பில் பாதியை நெருங்கினார்கள். வாய்-தாடை அறுவைப் பயிற்சியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பிரிட்டனிலும் இதே ஏற்றத்தாழ்வு. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நிபுணர் பட்டியல்களை வைத்துப் பேசினால் கணக்கு தவறாகிவிடும், ஏனென்றால் பிரிட்டனின் பொதுப் பல் மருத்துவ மன்றம் 1998 முதல் வைத்திருக்கும் பட்டியல்களில் முப்பதாண்டுக்கு முன் பயிற்சி முடித்தவர்களும் இருக்கிறார்கள். பழைய காலத்தின் நிழல் அதில் விழுந்தே தீரும். காலம் சரிசெய்யும் என்பவர்கள் அந்த அளவுக்குச் சரி. அதனால்தான் இன்று பயிற்சியில் இருப்பவர்களை மட்டும் எண்ண வேண்டும். அப்படி எண்ணினாலும், ஒரே கல்லூரியில், ஒரே ஆண்டில், ஒரே ஆசிரியர்களிடம் படித்து வெளியே வந்த ஒரே கூட்டத்துப் பெண்கள், ஒரு துறையில் பெரும்பான்மையாகவும் இன்னொன்றில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவும் இருக்கிறார்கள். இரண்டு துறைக்கும் காலம் ஒன்றுதான். காரணத்தைத் துறைகளுக்குள்தான் தேட வேண்டும்.

பல் சீரமைப்பை, நம் ஊரில் கிளிப் போடுவது என்று சொல்கிற அந்தத் துறையை, முதலில் பார்ப்போம். பிரிட்டனில் 1990களின் சீர்திருத்தத்துக்குப் பிறகு அது மூன்றாண்டுப் பயிற்சி, குறிப்பிட்ட பாடத்திட்டம், முடிவில் ஒரு தேர்வு என்று ஆயிற்று. எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பது சேரும் நாளிலேயே தெரியும். பகல் நேர வேலை; நள்ளிரவில் அழைப்பு வராது. நோயாளிக்கு மாதக்கணக்கில் இடைவெளி விட்டுச் சிகிச்சை நடப்பதால், வாரத்தில் மூன்று நாள் பணியாற்றுபவராலும் அதைக் குறையின்றிச் செய்ய முடியும். இப்போது தாடை அறுவை. பிரிட்டனில் அதற்குப் பல் மருத்துவப் பட்டத்தோடு முழு மருத்துவப் பட்டமும் கட்டாயம். ஒரு பட்டம் முடித்து, மறுபடியும் மாணவராகி, கட்டணம் கட்டி இரண்டாவது பட்டம் வாங்கி, இரண்டாண்டு அடிப்படைப் பணி, பிறகு அறுவைப் பயிற்சி என்று போனால், நிபுணராகும்போது முப்பதுகளின் கடைசி வந்துவிடும். அமெரிக்காவில் நான்காண்டு வழியும் உண்டு, மருத்துவப் பட்டத்தோடு சேர்ந்த ஆறாண்டு வழியும் உண்டு. மற்ற துறைகள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்றாண்டு. கூடவே விபத்துக் காயங்களுக்கான இரவுப் பணி. இந்த நீளம் நோயாளியின் நலனுக்காக ஏற்பட்டது என்பதை மறுக்கவில்லை. புற்றுநோய் பிடித்த தாடையை அகற்றி, காலெலும்பிலிருந்து துண்டெடுத்து முகத்தைத் திரும்பக் கட்டுபவருக்கு ஆழ்ந்த மருத்துவ அறிவு வேண்டும். ஆனால் அறிவு வேண்டும் என்பதிலிருந்து, அதை இடைவெளியே இல்லாத ஒரே மூச்சில், ஊர் ஊராக மாறி, இருபதுகளின் நடுவிலிருந்து நாற்பதுவரை பெற்றே ஆக வேண்டும் என்ற முடிவு பிறக்காது. முதலாவது மருத்துவத் தேவை. இரண்டாவது நிர்வாகப் பழக்கம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் இத்துறையின் பெரிய பிழை என்று கருதுகிறேன்.

நீளமும் இரவுப் பணியும் மட்டுமே காரணம் என்று சொன்னால் என் வாதம் எளிதாகிவிடும். ஆனால் சான்றுகள் அவ்வளவு வசதியாக இல்லை. செயற்கைப் பல் துறையில் இரவு அழைப்பு கிடையாது, இரண்டாவது பட்டம் தேவையில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் அது ஆண்களின் துறையாகவே இருந்தது. இந்தியாவின் நிலை இதைவிடக் கூர்மையான சோதனை. இங்கே எம்.டி.எஸ். என்னும் முதுநிலைப் படிப்பு எந்தத் துறையானாலும் மூன்றாண்டுதான். தாடை அறுவைக்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை. 2017 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நுழைவுத் தேர்வு. தரவரிசைப்படி துறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆக, தலைமை மருத்துவரின் தனிப்பட்ட விருப்பு வெறுப்புக்குச் சேர்க்கையில் இடமில்லை. இளநிலைப் படிப்பான பி.டி.எஸ். வகுப்புகளில் பெண்களே பெரும்பான்மை என்பது தமிழ்நாட்டில் எந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் கண்ணுக்குத் தெரியும். முதுநிலைத் துறைகள் பலவற்றிலும் அப்படித்தான். இது தேர்வு முறையின் வெற்றி என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் தாடை அறுவையில் மட்டும், நீளம் என்ற தடை இல்லாதபோதும், பெண்கள் வெகுநாள் குறைவாகவே இருந்தார்கள். இப்போது எண்ணிக்கை கூடிவந்தாலும் மற்ற துறைகளோடு ஒப்பிட்டால் பின்தங்கல் தெரிகிறது.

இங்கேதான் பிரான்சிஸ் பஸ் போட்ட கோடு திரும்ப வருகிறது. தரவரிசையில் முன்னால் இருக்கும் மாணவி கலந்தாய்வில் உட்காரும்போது அவளோடு பலரும் உட்காருகிறார்கள். சாலை விபத்தில் முகம் சிதைந்து வருபவர்களை நடு இரவில் பார்க்க வேண்டியிருக்கும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு எப்படிச் சமாளிப்பாய் என்று உறவு கேட்கிறது. பெண்பிள்ளைக்குப் பல் சீரமைப்போ குழந்தைப் பல் மருத்துவமோதான் பொருத்தம் என்று, அக்கறையோடுதான், ஆசிரியர்களே சொல்கிறார்கள். இவர்கள் யாரும் பெண்களின் எதிரிகள் அல்லர். அவளை இவ்வளவு தூரம் படிக்க வைத்தவர்களே இவர்கள்தான். அந்த அறிவுரை வீட்டில் மட்டும் பிறப்பதும் இல்லை. துறைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பிறக்கிறது. இரவுப் பணிக்குப் பெண் மருத்துவருக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓய்வறை இருக்கிறதா, மகப்பேறு விடுப்பு எடுத்தால் பயிற்சி எத்தனை மாதம் நீளும், தேர்வைத் தவற விட்டால் அடுத்தது எப்போது, இந்த வழியாகப் போய்க் குடும்பமும் தொழிலுமாக வாழும் ஒரு மூத்த பெண் நிபுணரை அவள் நேரில் பார்த்திருக்கிறாளா என்பவற்றுக்கெல்லாம் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாதபோது பெற்றோரின் அச்சம் நியாயமாகிவிடுகிறது. சேர்க்கையை மட்டும் நேர்மையாக்கினால் போதாது, சேர்ந்த பிறகான மூன்றாண்டையும் நேர்மையாக்க வேண்டும் என்பதற்கு இந்திய நிலையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அது பெண்களின் சொந்தத் தேர்வு, அதில் வரலாற்றாசிரியருக்கு என்ன வேலை என்ற மறுப்புக்கு இங்கிருந்து பதில் சொல்லலாம். விருப்பத்தை மதிக்கத்தான் வேண்டும். குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்வதை உளமார விரும்பும் பெண்கள் ஏராளம். அவர்களை இழுத்து வந்து அறுவை அரங்கில் நிறுத்துவது யாருடைய நோக்கமும் அல்ல. ஆனால் உண்மையான விருப்பம் சூழ்நிலை மாறும்போது இவ்வளவு வேகமாக மாறாது. 1970வரை பெண்களுக்குப் பல் மருத்துவத்தில் விருப்பமில்லை என்றார்கள். விதி மாறிய பத்தாண்டில் அந்த விருப்பமின்மை எங்கே போனது? பின்லாந்தில் வெகுகாலமாகவே பல் மருத்துவர்களில் பெண்கள்தான் பெரும்பான்மை. இன்று பத்தில் ஏழு பேர் அளவில். லித்துவேனியா, லாத்வியா போன்ற பால்டிக் நாடுகளில் அது இன்னும் அதிகம். அங்குள்ள பெண்கள் வேறு இயல்போடு பிறக்கவில்லை. சோவியத் நாடுகளில் பெண்கள் நிறைந்ததற்குக் காரணம் அந்தத் தொழிலுக்குச் சம்பளமும் மதிப்பும் குறைவாக இருந்ததே என்று ஒரு குறுக்கு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. பெண்கள் நிறையும் தொழிலின் மதிப்பைக் குறைப்பதும் மதிப்புக் குறைந்த தொழிலைப் பெண்களுக்கு விடுவதும் வரலாற்றில் பல இடங்களில் கண்டதுதான். ஆனால் பின்லாந்துக்கு அந்த விளக்கம் பொருந்தாது. அங்கே அது நல்ல வருவாயும் மதிப்பும் உள்ள தொழில். பொதுச் சுகாதார அமைப்பில் வரையறுத்த நேரத்தில் பணியாற்றும் வாய்ப்பும், குழந்தைப் பராமரிப்புக்கு அரசின் துணையும் அங்கே இருந்தன.

பொதுப் பணத்தைச் செலவிட்டுப் பயிற்சி கொடுத்தால் பெண்கள் பாதியில் விட்டுவிடுவார்கள், அல்லது அரை நேரம் உழைப்பார்கள் என்பது மிகப் பழைய வாதம். மிகவும் மதிப்பானதாகத் தோன்றும் வாதமும் அதுவே. பிரிட்டனில் மார்கரெட் சீவர்ட் இதை நேருக்கு நேர் எதிர்கொண்டார். மருத்துவமனையில் வாய் அறுவைப் பணி செய்தவர், பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழின் ஆசிரியராக இருந்தவர், 1994இல் பொதுப் பல் மருத்துவ மன்றத்தின் முதல் பெண் தலைவரானவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெண் பல் மருத்துவர்கள் எப்படிப் பணியாற்றுகிறார்கள் என்று 1980களில் அவர் முறையாகக் கணக்கெடுத்தபோது, பெரும்பாலோர் தொழிலைக் கைவிடவில்லை என்பது தெரிந்தது. பிள்ளைப்பேற்றுக்காக இடைவெளி விட்டவர்களும் திரும்பி வந்திருந்தார்கள். எளிய கணக்கொன்றும் போட்டுப் பார்க்கலாம். முப்பத்து மூன்று வயதில் நிபுணராகும் ஒருவர் அறுபத்து மூன்றுவரை பணி செய்தால் முப்பதாண்டு. அதில் எட்டாண்டு பாதி நேரம் மட்டும் உழைத்தாலும் குறைவது நான்காண்டு உழைப்பு. அரசு செலவில் பயிற்சி பெற்று, முடிந்ததும் தனியார் தொழிலுக்குப் போய்விடும் ஆண் நிபுணரின் முப்பதாண்டையும் பொதுச் சேவை இழக்கிறது. அதை யாரும் பெண்களின் நான்காண்டோடு ஒரே பேரேட்டில் எழுதுவதில்லை.

உடல் வலிமை பற்றிய வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. பல் எடுப்பது இழுக்கும் வேலை அல்ல. பல்லைப் பிடித்திருக்கும் எலும்புக் குழியை மெல்ல விரித்து நெம்பும் நுட்பம். உடைந்த தாடையைக் கம்பியால் இறுக்கிக் கட்டிய காலம் போய், 1970களில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மாக்சிம் ஷாம்பி செம்மைப்படுத்திய சிறு உலோகத் தகடுகளும் திருகுகளும் வந்தன. அறுக்கவும் துளைக்கவும் மின்கருவிகள் இருக்கின்றன. மணிக்கணக்கில் நின்று, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல், முகத்தின் நரம்பைத் தொடாமல் கத்தியைக் கொண்டுபோக வேண்டும். அதற்குத் தேவை நிதானமும் கண்ணும் பழகிய கையும். இவற்றைப் பயிற்சி தரும், பிறப்பு தராது.

இதெல்லாம் ஒரு தொழிலுக்குள் நடக்கும் இடப் பங்கீடு, நோயாளிக்கு இதில் என்ன என்று கேட்கும் வாசகரும் இருப்பார். தாடை மூட்டு வலி ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படும் நோய். அதைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எந்த வலியை ஆராய வேண்டும், எந்த ஆய்வுக்கு நிதி தர வேண்டும், பாடநூலில் எதற்கு எத்தனை பக்கம் என்பதை முடிவு செய்யும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நோயாளியைத் தொடும் விஷயம். அந்த மேசைக்குப் போகும் வழி சிறப்புப் பயிற்சியின் வழிதான். இன்னொன்று, இதைவிட எளியது. பல் மருத்துவம் படித்து வெளிவருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள் என்னும்போது, முகப் புற்றுநோயை அறுத்து எடுக்கும் கடினமான பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கையில், அந்தப் பாதியில் பெரும்பகுதியைப் பயிற்சியின் அமைப்பே விலக்கிவிடுகிறது. மீதமுள்ளவர்களிலிருந்துதான் தேர்வு நடக்கிறது. அறுவை மேசையில் படுத்திருக்கும் நோயாளி தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய மருத்துவரை ஒருபோதும் அறிய மாட்டார்.

மாற்றம் தொடங்காமல் இல்லை. பிரிட்டனில் முழு நேரத்துக்குக் குறைவான பயிற்சி இப்போது விதிகளில் இடம்பெற்ற உரிமை. வாரத்தில் மூன்று நாள் பயின்று, அதற்கேற்பக் கூடுதல் ஆண்டுகளில் முடிக்கலாம். பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் தாடை அறுவைக்கான இரண்டாவது பட்டத்தை எப்படிச் சுருக்குவது, அதன் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி அத்துறையின் சங்கங்களுக்குள் இன்னும் தீரவில்லை. இந்தியாவில் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, பணியிலுள்ள பெண்களுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு கிடைத்தது. ஆனால் எம்.டி.எஸ். பயிலும் மாணவி விடுப்பில் கழித்த மாதங்களைப் படிப்பின் கடைசியில் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. அவளுடைய வகுப்பினர் தேர்வெழுதி வெளியேறிய பிறகு, அடுத்த தேர்வுக்காக அவள் காத்திருக்க வேண்டும். 2023இல் இயற்றப்பட்ட தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி பாடத்திட்டமும் பயிற்சி விதிகளும் புதிதாக எழுதப்படும் வாய்ப்பு வந்திருக்கிறது. தேர்வு நாட்களையும் விடுப்பு விதியையும் மாற்றி எழுத இதைவிட நல்ல தருணம் அமையாது.

துணைப் பணியாளர்களுக்காக லண்டனில் திறந்த நியூ கிராஸ் பள்ளியை முன்பு பார்த்தோம்; அதற்கு முன்மாதிரி நியூசிலாந்தில் இருந்தது. 1921இல் வெலிங்டனில் தாமஸ் ஹண்டர் என்ற பல் மருத்துவர், இளம் பெண்களை மட்டும் சேர்த்து, இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து, நாடு முழுவதும் பள்ளிக் குழந்தைகளின் பல்லைக் காக்க அனுப்பினார். உலகம் பின்னால் பின்பற்றிய அந்தத் திட்டம் என்ன சாதித்தது, அந்தப் பெண்களுக்கு எதை மறுத்தது என்பது அடுத்த பகுதியில்.